அச்சு விழாத இரண்டு பக்கங்கள்

பத்தாவது இடத்துக்கு இதை விட்டால் வேறு புத்தகம் இல்லை என்று நடுவர் குழுத் தலைவர் நாவலைத் தூக்கிக் காட்டியபோது, மொழிபெயர்த்தவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

தெற்காசிய இலக்கியத்தின் தலைசிறந்த பத்து நூல்கள். ஒன்பது முடிவாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு இரண்டு நூல்கள் மோதுகின்றன.

பக்கத்து நாற்காலியில் நாவலாசிரியர். எழுபது வயது. இந்த மேஜையில் பேசும் மொழி அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அவர் காதில் எடுத்துச் சொல்வதும் இன்று அவள் வேலைதான்.

தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பட்டப்பெயரே கத்திரிக்கோல். காலையிலிருந்து பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளியவர். அவரே இரண்டு பக்கங்களை வாய்விட்டு வாசித்தார். கதாநாயகனின் தாய் இறக்கும் இடம். அறையில் ஒருவர் இருமக்கூட இல்லை. இந்த இரண்டு பக்கத்துக்காகவே என் ஓட்டு என்றார்.

சும்மாவா! அந்த இரண்டு பக்கத்தை எழுதியதே அவள்தான்.

நாலு வருஷத்துக்கு முன் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது, மூல நூலில் அந்த இடத்தில் இரண்டு பக்கம் அச்சே விழாமல் இருந்தது. அச்சகத்தில் யாரோ தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். வேறு பிரதி தேடவோ ஆசிரியரைக் கேட்கவோ நேரமில்லை. பதிப்பகத்தார் தலைமேல் நின்றார்கள். முன்னும் பின்னும் படித்து, இதுதான் நடந்திருக்கும் என்று தானே எழுதிச் சேர்த்துவிட்டாள். இன்றுவரை ஒரு ஈ காக்கைகூடக் கண்டுபிடிக்கவில்லை. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

“என்னம்மா சொல்றாரு?” என்றார் ஆசிரியர்.

உங்கள் நாவலைப் புகழ்கிறார் என்றால் தீர்ந்தது. பத்தாவது இடம், இரண்டு பேர் பெயரோடு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நா எழவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அச்சுக் கோளாறுக்கு யாராயிருந்தாலும் இதைத்தானே செய்திருப்பார்கள் என்ற தெம்பு குரலில் இருந்தது.

அவர் கோபப்படவில்லை.

“கோளாறு இல்லம்மா. எங்கம்மா போன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு என்னால எழுத முடியல. காலியா விடச் சொன்னது நான்தான்.”

கோளாறு அச்சகத்தில் இல்லை, தன்னிடம்தான்.

அவள் எழுந்து, தன் தவறு உட்பட ஒன்று விடாமல் ஐந்து நடுவர்களிடமும் சொன்னாள். குரல் குளறவில்லை. பையிலிருந்து மூல நூலை எடுத்து, அந்த இடத்தைப் பிரித்துக் கத்திரிக்கோல் முன்னால் வைத்தாள்.

இரண்டு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவர் அதைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினார். புத்தகம் மேஜையைச் சுற்றி வந்தது.

பட்டியலில் சேரும் பதிப்பில் இந்த இரண்டு பக்கமும் காலியாக இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்படியே பத்தாவது இடம் தரச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

வாழ்நாளில் அவள் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் எழுந்த கைகளை எண்ணி, ஆசிரியரின் காதில் தெளிவாகச் சொன்னாள்.

“அஞ்சு பேரும் ஐயா.”