நாற்பத்தொன்பது மில்லிமீட்டர்

வேலிச் செடிகளுக்கு மேலே ஒரு கை நீண்டு, காரின் பின்புறத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த வீப்கே க்ரூன், கேமரா சத்தம் கேட்டு வெளியே ஊர்ந்து வந்தாள்.

"மணி ரெண்டு, ஃப்ராவ் க்ரூன். ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரம். ஸ்பேனர் சத்தம் கேக்கக் கூடாது" என்றார் பக்கத்து வீட்டு ஐலர்ஸ். "அப்புறம், நீங்க மாட்டுற அந்த இழுவைக் கொக்கி செல்லாது."

பதினோரு வருடங்களாக அவர் அவளோடு பேசியதைவிட, அவளைப் பற்றி நகராட்சிக்கு எழுதியதுதான் அதிகம். சனிக்கிழமை இன்ஜின் உறுமல், புகை, சுத்தியல் அடி, எல்லாமே தேதியும் நேரமும் போட்டு.

வழக்கமாக அவள் சட்டை செய்வதில்லை. இந்த முறை அப்படி விட முடியவில்லை. கடலோர முகாமில் கேரவன் என்ற இழுவை வீட்டை நிறுத்த ஓர் இடம் கேட்டு ஆறு வருடம் வரிசையில் இருந்து, இப்போதுதான் அவள் முறை வந்திருந்தது. மே முதல் தேதி நண்பகலுக்குள் கேரவனோடு போய் நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. கேரவனை இழுக்க அவளிடம் இருந்தது 1967-ஆம் வருடத்து ஓப்பல் கார் ஒன்றுதான். அதில் இழுவைக் கொக்கி மாட்டி, பரிசோதகரிடம் காட்டி, வண்டியின் ஆவணத்தில் ஏற்றியாக வேண்டும். மூன்று வாரம்கூட இல்லை.

ஏன் செல்லாது என்று கேட்டாள். எண் பலகையின் கடைசியில் இருந்த எழுத்தை ஐலர்ஸ் சுட்டிக்காட்டினார். பழமைக் கார் என்று அரசு கொடுத்த எழுத்து அது.

"அந்தக் காலத்துப் பொருளைத்தான் இதுல மாட்டலாம். இது போன வருஷம் செஞ்சது. மாட்டினா எழுத்து போயிடும்."

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்றாள். ஓய்வு பெற்றுவிட்டதால் இல்லை என்றார் அவர். போகிற போக்கில் திரும்பி, கடற்கரை இடத்தில் அவள் அக்டோபர் கடைசி வரைக்கும் தங்குவாளா என்று விசாரித்தார். குத்தலுக்குப் பதில் சொல்வானேன் என்று அவள் காருக்கு அடியில் நகர்ந்துகொண்டாள்.

ஆனாலும் பரிசோதனை நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். ஐலர்ஸ் சொன்னது சரிதான்; புதுக் கொக்கியோடு போனால் கையெழுத்து கிடைக்காது.

நான்கு நாள் அலைந்து, பிரேமனுக்குப் பக்கத்தில் ஒருவருடைய வைக்கோல் கொட்டகையில் காரின் வயதே ஆன ஒரு கொக்கியைக் கண்டுபிடித்தாள். துருவை உரித்து, கறுப்பு பெயின்ட் இரண்டு பூச்சு கொடுத்தாள். மழையில் நனைந்த தார்ச்சாலை மாதிரி அது மின்னியது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு மேலே மூக்குக் கண்ணாடி முளைத்தது. "அங்கீகார எண் எங்கே?"

எண் பொறித்த தகடு பெயின்டுக்குள் புதைந்துபோயிருந்தது. முப்பது வருடமாகப் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவள். அழகு பார்த்தே ஏமாந்திருந்தாள்.

"எண்ணைப் படிக்க முடியலைன்னா, சட்டத்துக்கு இது வெறும் இரும்பு, ஃப்ராவ் க்ரூன்."

தன் மேல் வந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு இலக்கமாக வெளியே வரும்வரை இரண்டு நாள் சுரண்டினாள்.

கொக்கியைக் காரில் பூட்டி முடித்த அன்று, ஐலர்ஸ் கேட்காமலேயே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையில் வெர்னியர் அளவி. குனிந்து, கொக்கியின் நுனியில் கேரவன் வந்து உட்கார வேண்டிய இரும்புக் குண்டை அளந்தார்.

"நாற்பத்தெட்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர். தேஞ்சிருக்கு. நாற்பத்தொன்பதுக்குக் கீழே இருந்தா கேரவன் கழண்டு தனியா ஓடும்."

"நான் போகக் கூடாது. அதானே உங்களுக்கு வேணும்?"

ஐலர்ஸ் வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அங்கீகாரம் உள்ள வேறு குண்டு வருவதற்கு ஒரு வாரம் ஆனது. மாட்டினாள்.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி பரிசோதகர் காருக்கு அடியில் போனார். கொக்கியின் காலத்தைச் சரிபார்த்தார், எண்ணைப் படித்தார், குண்டை அளந்தார். ஆவணத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பழைய காரோடு வருகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்வார்கள் என்றார்.

"உங்களுக்கு யாரோ விவரம் தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுத்திருக்காங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம் அவளோடு வந்தது. மூன்று தடை, மூன்றும் அந்த மனிதர் முன்கூட்டியே எடுத்துப்போட்ட முட்கள். சிலருக்கு அன்பைக்கூட விதிமுறையாகத்தான் சொல்ல வரும் போலிருக்கிறது. பசுக்கள் மேய்ந்த தட்டையான வயல்களைப் பார்த்தபடி, பதினோரு வருடத்தையும் முதலிலிருந்து திரும்ப யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வெண்ணெய் கேக் செய்து எடுத்துக்கொண்டு, முதல்முறையாக அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள்.

ஐலர்ஸ் தட்டை வாங்கிக்கொண்டார். ஆவணத்தையும் வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் முழுசாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், ஹெர் ஐலர்ஸ். நீங்க இல்லாட்டி நான் கிளம்பியிருக்கவே முடியாது. ரொம்ப நன்றி."

"நன்றியெல்லாம் எதுக்கு" என்றார் அவர், கதவைச் சாத்திக்கொண்டே. "போலீஸ் பாதி வழியில மடக்கி, அக்டோபருக்கு முன்னாடியே உங்களை இங்கே திருப்பி அனுப்பிடக் கூடாதில்லையா?"