மூன்றாவது சப்வூஃபர்

பரிதி இறந்து நாற்பது நாள் கழித்து, அவன் அப்பா இராஜாங்கம் அவனுடைய காரை மன்னார்குடியில் இருக்கும் என் கார் ஆடியோ கடைக்கு ஓட்டிவந்தார்.

"டிக்கியில இருக்குற ரெண்டையும் கழட்டிடுங்க தம்பி. வீட்ல பாட்டு கேக்குற மாதிரி யாரும் இல்ல."

இரண்டும் நான்கு ஓம் சப்வூஃபர்கள், அடிநாதத்தை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள். நான்தான் பேரலலாக மாட்டிக்கொடுத்தேன். அப்படி மாட்டினால் ஸ்பீக்கர் கூடக்கூட ஓம் குறையும்; இரண்டுக்கு மீட்டரில் இரண்டு ஓம் வரும், அதற்குக் கீழே போனால் ஆம்ப்ளிஃபையர், அந்த ஆம்ப், தாங்காது. பொங்கலுக்கு வந்து மூன்றாவது ஒன்று வேண்டும் என்று பரிதி கேட்டபோது, இதைச் சொல்லித்தான் மறுத்தேன்.

ஆம்பிலிருந்து வயரை உருவி மீட்டரை வைத்தேன். ஒன்று புள்ளி மூன்று காட்டியது. மூன்று சப்வூஃபர் இருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். ஒன்றைக் கழற்றியதும் இரண்டு காட்டியது. மற்றதையும் கழற்றிய பிறகு, எதுவுமே காட்டக்கூடாத, எதிலும் சேராத வெறும் வயரில் நான்கு காட்டியது.

"என்ன தம்பி?"

"இன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா."

காலியாக இருந்த டிக்கிக்குள் உள்ளங்கையை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவில்லை.

"திரும்ப மாட்டிடுங்க" என்றார்.

இந்த முறை இரண்டையும் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக, எட்டு ஓம் வரும்படி மாட்டினேன். மூன்றாவது சேர்ந்தாலும் இரண்டுக்குக் கீழே போகாது, ஆம்ப் தாங்கும். இவை இரண்டும் அடங்கிப்போகும், சத்தத்தில் பெரும்பகுதி அதில்தான் வரும்.