நூற்று முப்பத்தெட்டு

பேருந்துப் பணிமனையின் மருத்துவ அறையில் பிற்பகல் வெயில் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. ஓட்டுநர் இடது கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியதால் ஆறு மாதமாக அவர் கையில் வண்டி இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது. தின்ற ரொட்டி சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்கும் நேரம் பார்த்து மனைவி அவரைப் பணிமனையைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கவிட்டிருக்கிறாள். “நடக்குற காலு சர்க்கரையை இழுத்துக்கும், சாக்குச் சொல்லாம வாங்க.” இதே பாட்டுத்தான் ஆறு மாதமும். செவிலி விரல் நுனியில் குத்துகிறாள். கடுகளவு ரத்தம் சோதனைப் பட்டையில் ஊறுகிறது. வெளியே ஏதோ எஞ்சின் உறுமி அடங்குகிறது. மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். கருவி ‘கீக்’ என்கிறது. “நூத்தி முப்பத்தெட்டு! முந்நூத்தி எழுபதோட வந்தவரா நீங்க? மூணு மாசச் சராசரியும் சரியா இருக்கு. தாராளமா வண்டி எடுங்க” என்கிறாள் செவிலி. ஓட்டுநருக்குக் கண் நிறைகிறது. “கண்ணைத் தொடைங்க, ரோடு தெரிய வேணாமா?” என்கிறாள் மனைவி, தன் கண்ணைத் துடைத்தபடி. வெளியே நிற்கும் தன் பேருந்தில் அவர் படியேறி, இருக்கையைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு, சாவியைத் திருகுகிறார். பேருந்து முழுவதும் அதிர்கிறது. முதல் பயணியாக ஏறிய மனைவி அவருக்கு நேர் பின்னால் ராணி மாதிரி உட்கார்கிறாள்.