அரை மணி கீதை

“இது நெட்டா, நூலா பாய்? புதன்கிழமை ஆனா அறுந்து போவுது!”

குணசேகரன் போட்ட சத்தத்தில், பிரவுசிங் சென்டருக்குப் பாஸ்போர்ட் படிவம் நிரப்ப வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மழைக்காலங்க முசியே. கேபிள்ல ஈரம் ஏறிடுது” என்றார் சென்டர்காரர் கமாலுதீன்.

“மே மாசமும் அறுந்துச்சே. அப்ப என்ன ஏறிச்சு?”

கமாலுதீன் யோசித்தார். “வெயிலுங்க.”

குணசேகரன் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்; ‘முசியே’ என்கிற மரியாதை அதனால்தான். பாரிஸ் பக்கம் வேலை. தங்கை கல்யாணத்துக்காகத் தனியாக வந்திருந்தார். அங்கே அவர் மகன் ஒலிவியே, பத்து வயது, புதன்தோறும் ஸ்கைப்பில் கீதையும் நல்லொழுக்கமும் படிக்கிறான். பிரான்ஸில் புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. சொல்லிக் கொடுப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நடராசன். இடம், காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியில் கமாலுதீனின் இரண்டாம் நம்பர் கேபின்.

“ஒரு பாடமாவது முடிஞ்சிருக்கா? கர்ணன் பொறந்ததோட நிக்கிது. சீதை நெருப்புல இறங்கினதோட நிக்கிது. இன்னைக்கும் அறுந்துச்சுன்னா, கிளாசை காரைக்கால் டவுனுக்கு மாத்திடுவேன். நான் மட்டும் இல்ல, பிரான்ஸ்ல இருக்கிற பிள்ளைங்க முகத்தைப் பார்க்க இங்க வர்ற பதினாறு வீட்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

கமாலுதீனின் முகம் சுண்டியது. அந்தப் பதினாறு வீடுதான் கடையே.

“இன்னைக்கு அறுவாதுங்க” என்றவர், கேபினுக்குள் நுழைந்தார்.

உள்ளே நடராசன் தயாராக இருந்தார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, தோளில் சரிகை அங்கவஸ்திரம். கேமராவுக்கு எட்டாத பிரதேசத்தில் கட்டம் போட்ட கைலி. அதற்கும் கீழே, கால் கட்டை விரலுக்குப் பக்கத்தில், கிளிப் உடைந்த நெட் வயர்.

ஈரமும் ஏறவில்லை, வெயிலும் ஏறவில்லை. அந்த வயரைப் பிடுங்கியது நடராசனின் கட்டை விரல்தான்.

அவரும் என்ன செய்வார்? பையன் அரை மணி நேரம் சமர்த்தாக ஒப்பிப்பான். பாரிஸில் இரண்டரை அடித்ததும் ஞானதாகம் எடுத்துவிடும்.

“கர்ணன் பொறந்தப்ப, பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேர்னு யாரைப் போட்டாங்க சார்?”

வயர்.

“சீதையும்தான் தனியா இருந்தாங்க, ராமரும்தான் தனியா இருந்தாரு. அவரு ஏன் சார் நெருப்புல இறங்கலை?”

வயர்.

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. பையன் மேல் கோபமும் இல்லை. எமனையே மடக்கிய நசிகேதன்தான் பாரிஸில் போய்ப் பிறந்திருக்கிறான் என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கமாலுதீன் குனிந்து, ஸ்பீக்கரைச் சரி செய்கிற மாதிரி கிசுகிசுத்தார். “சார், இன்னைக்கு ஒரு நாள் காலை மடக்கி வெச்சுக்குங்க.”

நடராசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்குத் தெரியுமா?”

“ஏழு மெஷின்ல இந்த ஒண்ணு மட்டும் கட்டானா தெரியாதுங்களா?”

“அப்புறம் ஏண்டா பழியை நீ வாங்கிக்கிட்ட?”

“எட்டாவது முழுப் பரீட்சையில நான் புத்தகத்தைத் தொடைக்கு அடியில வெச்சு எழுதினேன். நீங்க பார்த்துட்டு, மணி அடிக்கிற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி நின்னீங்கல்ல?”

நடராசன் பதில் சொல்வதற்குள் திரையில் ஒலிவியே வந்துவிட்டான். பட்டு ஜிப்பா, விபூதி, கூப்பிய கை. கமாலுதீன் வெளியே போனார்.

அன்றைய பாடம் வாய்மை. அரை மணி நேரம் அமோகமாக ஓடியது.

“சார், ஒரு டவுட்.”

நடராசனுக்கு வியர்த்தது. “கேளு தம்பி.”

“கிருஷ்ணர் போர்க்களத்துல பதினெட்டு அத்தியாயம் சொன்னாருல்ல? அதுவரைக்கும் அத்தனை லட்சம் பேரும் சும்மாவா நின்னாங்க? ஒருத்தருக்குக்கூட ஒண்ணுக்கு வரலையா?”

நடராசனின் கால் தானாக நீண்டது. கட்டை விரல் வயரைத் தொட்டது.

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் குணசேகரனின் குரல் கேட்டது. “எங்க ஊர் டைம் ரெண்டரை பாய். வழக்கமா அறுவுற நேரம்.”

“இன்னைக்கு அறுவாதுங்க முசியே” என்றது கமாலுதீனின் குரல்.

கால் மடங்கியது.

“தெரியாது தம்பி.” தடுப்பைத் தாண்டியும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார் நடராசன். “இதுவும் தெரியாது, முன்னாடி நீ கேட்டதும் தெரியாது. தெரியாதப்பல்லாம் நான்தான் வயரைப் பிடுங்கினேன். கமாலுதீன் லைன்ல ஒரு கோளாறும் கிடையாது.”

குணசேகரன் கேபின் வாசலுக்குப் பாய்ந்து வந்தார். பின்னாலேயே கமாலுதீன். வாத்தியாரை ஏதோ கேட்கக் குணசேகரன் வாயைத் திறப்பதற்குள், ஸ்பீக்கர் அலறியது.

“அது எனக்கு எப்பவோ தெரியும் சார்! நீங்க கீழே பார்த்தா லைன் போயிடும். இன்னைக்கு ஏன் சார் பிடுங்கலை?”

பதற்றத்தில் ஒலிவியே எழுந்து நின்றுவிட்டான். இடுப்புக்கு மேலே பட்டு ஜிப்பா. கீழே கால்பந்து டவுசர், முட்டி வரை சாக்ஸ், ஆணி வைத்த பூட்ஸ்.

“சீக்கிரம் பிடுங்குங்க சார், பிராக்டிஸ் ஆரம்பிச்சிருப்பாங்க! வாராவாரம் உங்களுக்குத் தெரியாத கேள்வியாத் தேடறதுக்குள்ள எனக்கு உயிர் போவுது!”

குணசேகரன் குனிந்து, நடராசனின் தோளுக்கு மேலாகக் கேமராவுக்குள் தலையை நீட்டினார். “ஒலிவியே!”

ஒலிவியே மெதுவாக உட்கார்ந்தான். அவன் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கை மேசைக்கு அடியில் போனது.

திரை கறுத்தது.

கமாலுதீன் தொண்டையைச் செருமினார்.

“அங்க இப்பப் பனிக்காலம் இல்லீங்களா முசியே? கேபிள்ல ஏறியிருக்கும்.”