பாதிப் பாய்ச்சல்

நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் ஆட்டின் மேல் புலி பாய்ந்தது. பாதிப் பாய்ச்சலில் எழுத்தாளர் மாசிலாமணி கையை எடுத்துவிட்டார். மேற்கொண்டு கதை எப்படிப் போகும் என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் கதையைத் திட்டமிட உதவும் மென்பொருள் ஒன்றைத் தேடக் கிளம்பினார்.

புலி அந்தரத்தில் தொங்கியது. அதன் நகம் ஆட்டின் கழுத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது.

முதல் மென்பொருளில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அடுத்ததில் தமிழ் வந்தது, ஆனால் பாத்திரங்களுக்குப் படம் ஒட்ட வழியில்லை. ஒவ்வொன்றிலும் ஆட்டையும் புலியையும் அப்படியே தூக்கிப் போட்டுப் பார்த்தார்.

"காலெல்லாம் மரத்துப்போச்சு. இந்த மனுஷன் எதையாவது எடுத்துத் தொலைக்கக் கூடாதா?" என்றது புலி.

"அவசரப்படாதீங்கண்ணே," என்றது ஆடு, நகத்தையே பார்த்தபடி. "புதுசா ஒண்ணு வந்திருக்காம். அதையும் பாத்துட்டு எடுக்கட்டும்."

அவர் அதையும் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார். மூடினார். ஆட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் அவர் வேறு எதையும் தேடவில்லை. மேஜையில் தாள் சரசரத்தது. பென்சில் சீவும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றது ஆடு.

புலி நாக்கால் மீசையைத் தடவிக்கொண்டது.