மூக்கம்மாவுக்குச் சொன்ன பதில்

“என் மகனுக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க பாய்? அத மட்டும் சொல்லுங்க.”

ஊட்டிப் பக்கத்து எமரால்டு ஊரின் பஜாரில், அபுபக்கரின் மருந்துக்கடை முன்னால் மூக்கம்மா நின்றிருந்தாள். இறந்துபோன அவள் மகன் சங்கிலியை அடக்கம் செய்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கடைக்குள் இருந்த அபுபக்கரின் மனைவி ஆபிதா நாற்காலியை எடுத்துப் போட்டாள். மூக்கம்மா உட்காரவில்லை.

“எப்பவும் வாங்குற மாத்திரைதானுங்க அக்கா. மனசு சரியில்லாததுக்கு ஊட்டி டாக்டர் எழுதினது” என்றார் அபுபக்கர்.

“நாலு வருசமா அதத் தின்னுதானுங்க அவன் மனுசனானான். கேரட் லாரியில லோடு ஏத்தப் போனான். தை மாசம் பொண்ணு பாக்கலாம்னு இருந்தோம். நாலு வருசமா ஒண்ணும் பண்ணாதது இப்ப எப்படிங்க ஆளைக் கொல்லும்?”

அபுபக்கர் எழுந்து நின்றார்.

“ஏதோ மாத்திரை சேராம நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாப் போய் நின்னுருச்சுன்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க. லாரிகிட்ட நின்னவன் அப்படியே சரிஞ்சானாம். இருபத்தாறு வயசு பாய். எனக்குக் கண்ணே மூட முடியலைங்க. நான் எதையாச்சும் கவனிக்காம விட்டுட்டனோ, சோத்துல எதாச்சும் தப்புப் பண்ணிட்டனோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. உண்மையச் சொல்லுங்க.”

அபுபக்கர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க அக்கா. நான்தான் மாத்திரையை மாத்திக் குடுத்துட்டேன்.”

ஆபிதா திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

மூக்கம்மா திட்டவில்லை.

“போலீசுக்குப் போக மாட்டேன். போனா அவன் வந்துருவானா? ஆனா இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன் பாய்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அவள் தலை மறைந்ததும் ஆபிதா கேட்டாள்.

“அந்த மாத்திரையை எடுத்துக் குடுத்தது நானுங்க. சீட்டைப் பாத்துத்தான் குடுத்தேன், மாறவே இல்லை. ஊருக்குள்ள தெரிஞ்சா நம்ம கடையில யாரு கால் வைப்பாங்க? ஏன் பொய் சொன்னீங்க?”

“மாறலைன்னு தெரியும். சங்கிலி சட்டைப் பையில இன்னொரு மாத்திரை அட்டை இருந்துச்சாம். காலையில டாக்டரம்மா போன் பண்ணி, பேரைச் சொல்லிக் கேட்டாங்க. அதுவும் இவன் மாத்திரையும் சேரவே கூடாது. இன்னும் யாருகிட்டயும் அவங்க சொல்லலையாம்.”

“அது அவனுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“போன மாசம் நம்ம கடையில போனதுதான். நான்தான் குடுத்தேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன் ஆபிதா.”

“யாருங்க வாங்கினது?”

“மூக்கம்மாதான். தன்னோட சளிக்கு வாங்கித் தின்னுட்டு, மகன் இருமுறானேன்னு மிச்சத்தை அவங்க கையாலயே அவனுக்குக் குடுத்திருக்காங்க.”