பேர் வைக்காத புராசஸர்

"இன்னும் விற்பனைக்கே வராத புராசஸரைப் போட்ட லேப்டாப்பை வாங்கி நாம என்னங்க பண்றது?" என்று கேட்டாள் கடைக்காரரின் மனைவி.

"வராததுக்குத்தான்டி கிராக்கி," என்றார் கடைக்காரர்.

பழைய லேப்டாப்களை வாங்கி விற்கும் கடை. எட்டடி அகலம். கல்லாவில் மனைவி, மேஜையில் ஸ்க்ரூ டிரைவரோடு கணவர். மூன்றாவதாக யார் வந்தாலும் ஒருக்களித்துத்தான் நிற்க வேண்டும். இப்போது அப்படி நின்றுகொண்டிருந்தவர் புரோக்கர்.

"அடுத்த வருஷம்தான் வெளிய விடப்போறாங்கண்ணே. இது சோதனைக்குன்னு கம்பெனிக்குள்ள மட்டும் குடுக்கறது. எப்படி வெளிய வந்துச்சுன்னு நீங்க கேக்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன்."

லேப்டாப்பின் அடியில், 'ரகசியம். விற்பனைக்கு அல்ல' என்று ஒரு ஸ்டிக்கர். விற்கக் கூடாது என்று எழுதியிருந்ததைப் படித்ததுமே கடைக்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

ஆன் செய்தார். புராசஸரின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள் வரிசை கட்டி நின்றன.

"குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கலைண்ணே. ஒரிஜினலுக்கு அதான் அடையாளம்."

பத்து நிமிஷத்தில் லேப்டாப் இஸ்திரிப்பெட்டியாகச் சுட்டது.

"அவ்வளவு சக்தி உள்ள இருக்கு."

இரண்டு தடவை தானாகவே அணைந்தது.

"வெளியீட்டு அன்னைக்கு ஒரு அப்டேட் வரும் பாருங்க. அப்புறம் இதைக் கையில பிடிக்க முடியாது."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவர் சொல்றதைப் பார்த்தா, சுத்தமா ஆன் ஆகாம இருந்தா இன்னும் விலை கூடும்போல இருக்கே?"

கடைக்காரர் காதில் வாங்கவில்லை. மூன்று மடங்கு லாபம் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே தன் பைக்கை விற்றுப் பணத்தைக் கொடுத்து லேப்டாப்பை வாங்கிவிட்டார். மறுநாளிலிருந்து கடைக்கு நடராஜா சர்வீஸ்தான்.

பத்து நாள் கழித்து, மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் வந்தார்.

"இன்னும் வெளிவராத புராசஸர் போட்ட லேப்டாப் இங்க இருக்காமே?"

கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய அதை எடுத்து வைத்தார். வந்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். புராசஸர் கம்பெனியின் கண்காணிப்பு அதிகாரி.

கடைக்காரர் பல்லை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எங்க சோதனைக்கூடத்துலேர்ந்து ஒண்ணு திருடு போயிருக்கு," என்றார் அதிகாரி. "இது ஒரிஜினல்னா, திருட்டுப் பொருள் வாங்கின கேஸ். நேரா ஜெயில்தான்."

மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஒரிஜினலா! நல்லாக் கேட்டீங்க போங்க. சார், இது போலி. அந்த ஸ்டிக்கர் இவரே பிரிண்ட் எடுத்து ஒட்டினது."

கடைக்காரர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "ஆமா சார், சத்தியமா போலி! ஆன் பண்ணித் தொட்டுப் பாருங்க, எப்படிச் சுடுதுன்னு! நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைஞ்சுபோகுது. கேவலம், புராசஸர் பேரைக் கூடக் காட்ட மாட்டேங்குது சார்!"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க பேர்ல போலி விக்கறதும் தப்புதான். ஆனா முதல் தடவை, குடும்பஸ்தர் வேற. விட்டுடறேன். 'இது போலி, நாங்களே மனமொப்பி ஒப்படைக்கிறோம்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து, மனைவி சொல்லச் சொல்லக் கடைக்காரர் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"சார்ஜரையும் கொண்டு போயிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று அவளே பையில் போட்டுக் கொடுத்தாள்.

அதிகாரியின் தலை மறைந்ததும் கடைக்காரர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"பைக் போனாப் போகட்டும் விடுங்க," என்றாள் மனைவி. "அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டோமே!"

"உன் மூளைக்கு முன்னாடி எந்தப் புராசஸரும் நிக்காதுடி," என்றார் கடைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனதாரச் சொன்ன முதல் பாராட்டு அது. அவளுக்கு வெட்கம்கூட வந்துவிட்டது.

தெருமுனையில் ஒரு கார் காத்திருந்தது. அதிகாரி முன்னால் ஏறி, லேப்டாப்பைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, கடிதத்தை ஓட்டுநர் சீட்டில் இருந்தவரிடம் நீட்டினார். வாங்கிப் படித்த புரோக்கர் வண்டியை அடுத்த ஊர்ப் பக்கம் திருப்பினார்.

"பாவம், பொய் சொல்றோம்னு நினைச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் உண்மையை எழுதிக் குடுத்திருக்காங்க."